புத்தூர் வெங்காயமும் கனடா டொலரும்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். வெங்காயம் விற்ற கதையை எவன் வாசிப்பான்? ஆனால் கனடாவில் இருக்கும் சித்தப்பா போன கிழமையும் தொலைபேசியில் எனக்குப் பொருளாதாரம் படிப்பித்தார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்கள் தோட்டம் புத்தூரில். அந்தப் போகம் சின்ன வெங்காயம் நன்றாக விளைந்தது. பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டிருந்தோம். தண்ணீர் இறைக்கும் மோட்டர் எரிந்துபோயிருந்தது. வெங்காயம் விற்றால்தான் புது மோட்டர். மோட்டர் வந்தால்தான் அடுத்த நடுகை.

சந்தைக்கு லான்ட்மாஸ்டர் வண்டி ஓட்டும் என் கூட்டாளி வாசல் படலையில் வந்து நின்றான். "இண்டைக்கு நல்ல விலை மச்சான். ஏத்து."

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவின் அழைப்பு. "விக்காதை! டொலர் ஏறுது. இந்தியா வெங்காயம் இனி அங்கை கட்டுப்படியாகாது. ரெண்டு கிழமை பொறு, விலை பறக்கும்."

கடை வலைப்பையில் மட்டுமே வெங்காயத்தைக் காணும் மனுசன். என்றாலும் கனடாக் குரல் அல்லவா? பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நானும் அறிஞனாகிவிட்டேன்.

"உனக்கு டொலரைப் பற்றி என்னடா தெரியும்? போய் வண்டியை உருட்டு," என்றேன் கூட்டாளியிடம். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

டொலர் ஏறியது உண்மை. வெங்காய விலையும் ஏறியது. கொழும்பில் கறி சமைப்பவர்கள் கத்தினார்கள். உடனே அரசாங்கம் இறக்குமதி வரியைக் குறைத்தது. கப்பல் கப்பலாக இந்தியா வெங்காயம் வந்திறங்கியது.

நான் சந்தைக்குப் போன அன்று விலை பாதி. அதிலும் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று வியாபாரி சும்மா எடுத்தார். எங்கள் சந்தையின் பெருமைமிகு வழக்கம் அது.

"உந்தக் கப்பல் வெங்காயத்துக்கும் கழிவு எடுக்கிறனீங்களோ அண்ணை?"

"அவங்கள் விலை சொல்லி அனுப்புறாங்கள் தம்பி. நீங்கள் விலை கேட்டுக்கொண்டு வாறியள்."

வீட்டுக்கு வந்தால், அம்மா கப்பலில் வந்த அதே பம்பாய் வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தார்.

"மலிவாக் கிடந்தது, வாங்கினனான். எங்கடை மிச்சம் விதைக்கெல்லோ வேணும்."

விதை இருந்தது. வந்த காசு மோட்டருக்குப் போதவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். "உலகச் சந்தை அப்பிடித்தான் தம்பி," என்றார், ஏதோ தன் வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல.

கடைசியில் கூட்டாளிக்கு அழைப்பெடுத்தேன். "மச்சான், இனி என்னத்தையடா நடுறது?"

"டொலரை நடு மச்சான், அதுக்குத் தண்ணி இறைக்கத் தேவையில்லை."