மச்சுக்கு அடியில் இலவம்பஞ்சு

சின்னமனூரில் எங்கள் வீட்டு நிலவறையில் மெத்தை தைக்கிறேன். என் கணவர் அவற்றை மேகமலைத் துரைமார் பங்களாக்களுக்கு ஏற்றிப்போவார். தலைக்கு மேலே பலகை மச்சு; அதுதான் மேல்வீட்டுத் தரை. அங்கே கொழுந்தன் குடும்பம். அவர்களுடைய நான்கு வயது மகள் செல்லம் நாள் முழுவதும் ஓடுவாள். மணமாகிப் பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காலடிச் சத்தம் என் நெஞ்சை மிதிப்பது போலிருக்கும்.

"மேலருந்து மண்ணு உதிருது, மெத்தை அழுக்காகுது" என்று கணவரிடம் பொய் சொல்லி, இலவம்பஞ்சு அடைத்த சாக்குகளைப் பலகைக்கு அடியில் நெருக்கி ஆணியடித்தேன். சத்தம் நின்றுபோனது.

ஒரு மத்தியானம் ஓரகத்தி, "பிள்ள தூங்குது, பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குத் துவைக்கப் போனாள். நான் கீழே தைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க மேலே வந்தபோதுதான் மரப்பெட்டிக்குள் முனகல் கேட்டது. பதறி மூடியைத் தூக்கினேன். நான் தேடட்டும் என்று ஒளிந்தவள்மேல் மூடி விழுந்திருக்கிறது. வேர்வையில் நனைந்து துவண்டு கிடந்தாள்.

"எம்புட்டு நேரம் ஒதச்சேன்! ஏன் பெரியம்மா நீ வரல?"

அன்று மாலையே சாக்குகளைப் பிடுங்கி எறிந்தேன். இப்போது மேலே காலடி கேட்டால் ஊசியை நிறுத்திவிடுகிறேன். அதன்பின் பிறந்த செல்லத்தின் தம்பி நடை பழகுகிறான். அவன் எந்தப் பலகையில் தடுக்கி விழுவான் என்பது பெற்றவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.