தட்டு காலியாகும் வரை

நாங்கள் இருக்கும் நெதர்லாந்தில் காலையில் குழந்தைகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் துகள்களைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். ஹாகல்ஸ்லாக் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் தினமும் அதைத்தான் தின்கின்றன. மூன்றும் ஒல்லிக்குச்சி. என் மகள் கயல் தின்பது இட்லி, சோறு, பருப்பு. ஆனால் பள்ளி நர்ஸிடமிருந்து கடிதம் வந்தது எனக்கு. ஒன்பது வயதுக்கு எடை மிக அதிகம், நேரில் வரவும் என்று. நம் நிறத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் மரியாதையாகத்தான் பேசினாள். அந்த மரியாதையையும் நான் நம்பவில்லை. வீட்டில் எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்டாள். மனைவிக்கு மாலை ஷிப்ட், நான்தான் போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்து ஊட்டிவிடுவேன் என்றேன். "ஊட்டுவதை எப்போது நிறுத்துவீர்கள்?" என்றாள். "தட்டு காலியானதும்" என்றேன். அவள் கேட்டது எந்த வயதில் நிறுத்துவீர்கள் என்று. அது எனக்கு வீடு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவள் அரைப் பக்கம் எழுதிவிட்டாள். என்ன எழுதினாள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் அங்கே கிளப்பிவிடும் கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கோடை விடுமுறை முடிந்ததும் மறுபடி எடை பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினாள். திரும்பும் வழியில் கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எதாவது தப்பு செஞ்சிட்டேனாப்பா?" என்றாள். அன்றிலிருந்து நீச்சல் வகுப்புக்குப் போக மாட்டேன் என்றாள். குட்டை உடையில் எல்லோரும் பார்க்கிறார்களாம்.

விடுமுறைக்கு நானும் கயலும் திருவண்ணாமலையில் அக்கா வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே அக்கா ஆரம்பித்தாள். "இன்னாடா, புள்ள இப்பிடி எளச்சிப் போயிருக்குது? அந்த ஊர்ல சோறு கெடைக்கலியா?" அங்கே அளவுக்கு மேல், இங்கே அளவுக்குக் கீழ். ஒரே பிள்ளை.

அக்கா மகள் தர்ஷினிக்குப் பத்து வயது, கயலைவிடக் குண்டு. பள்ளி வேன் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. வந்ததும் டியூஷன். நடுவில் தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட் இரண்டு. விளையாடிக்கொண்டிருந்த காலி இடத்தில் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். நான் வேனைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன். அக்காவையும் விடவில்லை. "வளர்ற புள்ளைங்க. ஜாஸ்தி, கம்மினு பாக்காதடா, கண்ணு பட்டுடும்" என்றாள். "நீ சின்ன வயசுல எலும்புந்தோலுமா இருந்தே, ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் என்று ஆரம்பித்துக் கம்பையும் கேழ்வரகையும் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் நாங்கள் நான்கு பிள்ளைகள். ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் சோறு பத்தாததுதான். குண்டானின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டாலே யாருக்குக் கிடைக்காது என்று பயம் வரும். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அடி. என் பிள்ளைக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து வந்த பௌர்ணமிக்கு ஒரு யோசனை தோன்றியது. கிரிவலம். பதினான்கு கிலோமீட்டர் நடந்தால் எடை குறையாமல் எங்கே போகும்? விடிந்ததும் கயலைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பௌர்ணமிக்குப் பாதை முழுக்க அன்னதானம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நடை மட்டும்தான் கண்ணில் பட்டது. பொங்கல் கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். சாமி பேரைச் சொல்லிக் கையில் திணிப்பதை எப்படி மறுப்பது? அடி அண்ணாமலை தாண்டியதும் ஒருவர் சாம்பார் சாதம் போட்டார். அவள் முடித்ததும் மறுபடி கரண்டியை நீட்டினார்.

"இந்தா பாப்பா, இன்னொரு கரண்டி வாங்கிக்க. அண்ணாமலையார் சோறு, வேணாம்னு சொல்லக் கூடாது."

கயல் தட்டை நீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, எனக்கு வயிறு ரொம்பிடுச்சா?"

பின்னால் நின்ற அம்மா ஒருத்தி சிரித்துவிட்டாள். "இன்னாங்க, பாப்பா வயிறு உங்ககிட்டயா இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸ், பள்ளிக்கூடம், வேன், கடைக்காரர், அக்கா என்று உலகத்தையே சந்தேகப்பட்டேன். என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒன்பது வருடமாக அவள் கண்ணைப் போனில் கட்டிப்போட்டு, வாயில் சோற்றை வைத்தது அந்தக் கைதான். பசி தெரியக் கூடாது என்று வளர்த்தேன். பசியோடு சேர்ந்து நிறைவும் தெரியாமல் போய்விட்டது.

"வயித்துல கை வச்சிப் பாரும்மா. நீயே சொல்லு" என்றேன்.

அவள் இடது கையை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடினாள். அப்படியே டச்சு மொழியில், "இக் வேத் ஹெத் நீத்" என்றாள். தெரியவில்லை என்று அர்த்தம்.

"பாப்பா இன்னா சொல்லுது?" என்றார் கரண்டிக்காரர்.

"யோசிக்குதுங்க. கொஞ்சம் இருங்க."

"சோறு வாங்கறதுக்கு இன்னாங்க யோசனை?"

வாங்கு என்று சொன்னால் அந்த ஊரில் நான் குற்றவாளி. வேண்டாம் என்றால் இந்த ஊரில். அவளே சொல்லட்டும் என்று நின்றேன். மலை சுற்றும் கூட்டம் எங்களுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் தட்டை நீட்டியபடி அவள் நின்றாள். இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.