அணியத்தில் கட்டியிருந்த தீர்த்தப் போத்தல்

போன மாரிக்கு நடந்தது இது. விடாத மழை. உயிலங்குளத்துக்கு அங்கால உள்ள குளங்கள் எல்லாம் நிரம்பி வான் வழியாய்ப் பாய்ஞ்சு, எது வயல் எது றோட்டு எண்டு தெரியாமல் ஒரே வெள்ளம். சனம் கூரையிலயும் குளக்கட்டிலயும் நிக்குதெண்டு கேள்விப்பட்டு, எங்கட பள்ளிமுனை ஆக்கள் மீன்பிடி வள்ளங்களை லொறியில ஏத்திக்கொண்டு போச்சினம். அதில ஒண்டில நானும் போனன். கடலுக்கே போகாத எனக்கு முதல் வள்ளப் பயணம் வயலுக்குள்ள!

நான் தையல் தைச்சுப் பிழைக்கிறவள். பக்கத்து வீட்டு அண்ணைக்குச் சொந்தமாய் வள்ளம் இருக்குது. அவர்தான் வந்து கேட்டார்: "அங்க பொம்பிளையள் நிக்குதுகள் பிள்ளை. நாங்கள் ஆம்பிளையள் தூக்கி ஏத்தினால் கூச்சப்படுவினம். நீயும் வந்தா நல்லம், வாறியா?" நான் தனி ஆள், மறிக்க வீட்டில ஒருத்தரும் இல்லை. ஓமெண்டு ஏறிட்டன்.

தனி ஆள் எண்டு சும்மா சொல்லேல்லை. சண்டைக் காலத்தில சனம் காட்டுக்குள்ள இடம்பெயர்ந்து கிடக்கேக்க பிறந்தனான். பெத்தவள் அந்த இடத்திலயே செத்துப்போயிட்டாளாம். நானும் தங்க மாட்டன் எண்டு நினைச்சு, ஆரோ ஒரு பொம்பிளை என்ர தலையில தண்ணி ஊத்தி, ஞானஸ்நானம் குடுத்து, வாயில வந்த ஒரு பேரையும் வச்சவவாம். சாகப்போற உயிருக்குக் குருவானவர்தான் வேணுமெண்டில்லை, ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம். பிறகு அவ என்னைக் கொண்டுவந்து சிஸ்டர்மாரின்ர இல்லத்தில விட்டிட்டுப் போயிட்டா. அவ ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கட பக்கத்தில புதுசாய் ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி "நீ ஆற்ற பிள்ளை?" எண்டுதான். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "ஆண்டவற்ற பிள்ளை" எண்டு வெடுக்கெண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவன். வாய் அப்பிடிச் சொன்னாலும், சாகக் கிடந்த என்னை அவர் ஏன் விட்டுவச்சவர் எண்டு எனக்கே விளங்கேல்லை. ஊரில உள்ள கல்யாணங்களுக்கெல்லாம் பிளவுஸ் தைக்கவா?

சரி, வெள்ளத்துக்கு வாறன். கடலில கண்ணை மூடிக்கொண்டு வள்ளம் ஓட்டுற அண்ணை வயலுக்குள்ள திண்டாடிப் போனார். தண்ணிக்குக் கீழ முள்ளுக்கம்பி வேலி கிடக்குதெண்டு எங்களுக்கு என்னெண்டு தெரியும்? இன்ஜின் விசிறியில கம்பி சுத்தி நிண்டிட்டுது. பிறகு அண்ணையும் அவற்ற தம்பியும் கம்பு ஊண்டித்தான் தள்ளிச்சினம்.

அப்பிடித் தள்ளிக்கொண்டு போய்த்தான் அந்த வீட்டைக் கண்டம். ஒரு முஸ்லிம் குடும்பம், புருசனும் பெஞ்சாதியும் மட்டும். இடுப்பளவு தண்ணிக்குள்ள மேசையைப் போட்டு, அவளை மேல இருத்தி, அவர் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அவள் நிறைமாதப் பிள்ளைத்தாச்சி. தலைப்பிள்ளை. நோ தொடங்கீட்டுது.

ஏத்தினம். அம்புலன்ஸ் நிக்கிற மேட்டு றோட்டுக்குப் போக வேணும். ஆனால் குளத்து வான் பக்கமிருந்து வந்த இழுவை வள்ளத்தைச் சுழட்டி அடிச்சுது. கம்பு நிலத்தில நிக்கேல்லை. அண்ணை கத்துறார், தம்பி கத்துறார், அவள் என்ர கையை நெரிச்சுக்கொண்டு "அக்கா, ஏலாது அக்கா, வருது" எண்டு கத்துறாள். பிள்ளைப்பேறு பார்க்க எனக்குத் தெரியுமோ? அண்ணையும் தம்பியும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பு ஊண்டிச்சினம். புருசன் அவளின்ர தலையை மடியில வச்சு ஓதிக்கொண்டிருந்தார். மிச்சத்துக்கு நான்தான்.

பிள்ளை என்ர கையில வந்து விழுந்துது. பொம்பிளைப்பிள்ளை. நீலம் பாரிச்சுக் கிடந்தது. அழேல்லை. அசையேல்லை.

அப்பதான் என்ர கண்ணில அந்தப் போத்தல் பட்டுது. எங்கட ஆக்களின்ர எந்த வள்ளத்திலயும் அணியத்தில, அதுதான் முன்மூக்கில, கோயில் திருநாளுக்கு ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்த தீர்த்தம் ஒரு போத்தலில கட்டியிருக்கும். முதல் வலை போடேக்க தெளிக்கிற தண்ணி அது. சுத்திவரச் சேத்து வெள்ளம், இது மட்டும் பளிங்கு போலத் தொங்கிக்கொண்டு நிண்டுது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இதுக்குத்தான்! என்னைப் போல ஒரு பிள்ளை, என்னைப் போல சாகக் கிடக்குது, கைக்கெட்டின தூரத்தில தண்ணி. ஆண்டவர் என்னைப் பிழைக்க வச்சதே இந்த நிமிசத்துக்குத்தான் எண்டு நெஞ்சு அடிச்சுச் சொல்லிச்சு. பேர்கூட வாயில வந்திட்டுது. என்ர பேர்.

பிள்ளையை ஒரு கையில வச்சுக்கொண்டு, மற்றக் கையால போத்தலை இழுத்து, மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்தன். அப்ப அவள் தலையை நிமித்திப் பார்த்தாள்.

"புள்ளட வாயக் கழுவப் போறீங்களா அக்கா? கெதியாக் கழுவுங்கோ, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்குது போல."

கன்னத்தில ஒண்டு விழுந்த மாதிரி இருந்துது. என்ர கழுத்தில செபமாலை கிடக்குறதை அவள் கண்டவள்தான். எண்டாலும் என்னில அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. பிள்ளையைக் காப்பாத்தத்தான் போத்தலை எடுத்தனான் எண்டு நினைச்சிருக்கிறாள். என்ர நினைப்போ என்னைப் பற்றி. அவளின்ர பிள்ளைக்கு அவளைக் கேளாமல் என்ர பேரை வைக்கப் பார்த்தனே, சேசுவே!

மூடியை அமத்திப் போத்தலைக் கீழ வச்சன். மழைக்கோட்டுக்குள்ள நனையாமல் ஒரு துவாய் வச்சிருந்தனான். அதை இழுத்துப் பிள்ளையைத் துடைச்சன். சின்ன விரலை விட்டு வாய்க்குள்ள கிடந்த சளியை வழிச்செடுத்தன். இல்லத்தில நேர்ஸ் சிஸ்டர் ஒருக்கா செய்ததைப் பார்த்த ஞாபகம். முதுகைத் தேய்ச்சன். ஒண்டுமில்லை. மூக்கையும் வாயையும் என்ர வாயால மூடி மெல்லமா ஊதினன். ஒண்டுமில்லை. புருசன் ஓதுறதை நிப்பாட்டிட்டார். "இதை அழ வையும் ஆண்டவரே, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்" எண்டு உள்ளுக்குள்ள கத்திக்கொண்டு திரும்ப ஊதினன். வள்ளம் ஒரு வேலியில மோதிக் குலுங்கிச்சு. விழுந்தாலும் விழுவன், விட மாட்டன் எண்டு பிள்ளையை நெஞ்சோட அணைச்சுத் தேய்ச்சன்.

பூனைக்குட்டி தும்மின மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு செருமல். பிறகு வீறிட்டு ஒரு அழுகை!

நானும் அழுதன். முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட அண்ணையும் திரும்பாமலே விம்மினார். கொடி அறுக்காமலே பிள்ளையைத் தாயின்ர வயித்தில வச்சன். புருசன் குனிஞ்சு, அதின்ர காதுக்குள்ள பாங்கு சொன்னார். அண்ணை தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டார்.

அவள் தாகம் எண்டாள். வள்ளத்தில குடிக்கக்கூடிய தண்ணி அந்தப் போத்தலில மட்டும்தான். இந்தமுறை மறைக்கேல்லை. அவையள் அண்ணனை நானா எண்டுதான் சொல்லுவினம், அப்பிடியே புருசனைக் கூப்பிட்டன். "நானா, இது எங்கட கோயிலில மந்திரிச்ச தண்ணி. குடிப்பாவோ?" எண்டு கேட்டன்.

"தண்ணிதானே அக்கா, குடுங்கோ" எண்டார். மடமடவெண்டு குடிச்சாள்.

இழுவை தணிஞ்ச பக்கமாய்க் கம்பு ஊண்டி மேட்டு றோட்டுக்குச் சேர்ந்தம். அம்புலன்சுக்கு ஏத்தேக்க அவள் என்ர கையை விடேல்லை. "அக்கா, நீங்க ஆருட புள்ள?" எண்டு கேட்டாள். அதே கேள்வி! ஆனால் எனக்குக் கோவம் வரேல்லை. "ஆண்டவற்ற பிள்ளை" எண்டன். முதல் தரம் அதை ஆறுதலாச் சொன்னன், எனக்கும் கேட்கிற மாதிரி.

அந்தப் பிள்ளைக்கு அவையள் என்ன பேர் வச்சவையோ, எனக்குத் தெரியாது. எனக்குப் பேர் வச்ச பொம்பிளையைத்தான் இப்ப அடிக்கடி நினைக்கிறன். அவ தண்ணி ஊத்தினதை மட்டும்தான் எல்லாரும் எனக்குச் சொன்னவை. அதாலதான் நான் கிறிஸ்தவள், அதை நான் விட மாட்டன். ஆனால் தண்ணி ஊத்தினதோட போயிருந்தால் நான் பிழைச்சிருப்பனோ? அந்தக் காட்டுக்குள்ள என்ர வாயைத் துடைச்சிருப்பா, தன்ர சீலைக்குள்ள பொத்தி வச்சிருப்பா, ஆற்றயோ பாலுக்கு அலைஞ்சிருப்பா. அதை ஒருத்தரும் சொல்லேல்லை.

இப்பவும் பிளவுஸ்தான் தைக்கிறன். ஆனால் எங்க வெளிக்கிட்டாலும் என்ர பையில காய்ஞ்ச துவாய் ஒண்டு இருக்கும், ஆண்டவர் உன்னை என்னத்துக்கு விட்டுவச்சவர் எண்டு ஆரும் கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவன்.