பம்பில் வைத்த சிவப்புப் புள்ளி

காரின் வாட்டர் பம்பை மாற்றக் கொடுத்த அன்று, மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பம்பின் மேல் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். பழையதையே துடைத்து மாட்டிவிடுவார்கள் என்று என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் சொல்லியிருந்தார்.

மறுநாள் உடுமலை போக வேண்டும். இரண்டு வயது மகளின் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று மறையூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உடுமலைக்கு மாதம் ஒருமுறை மட்டும் வரும் இதய டாக்டர் மூன்று மணிக்குப் பார்ப்பார். வழியெல்லாம் சின்னாறு காடு. பம்ப் தண்ணீர் இறைக்காமல் இன்ஜின் சூடாகி நின்றால் இறங்கி நிற்க முடியாது, யானை வரும். கணவருக்கு மூணாறு ரிசார்ட்டில் விடுப்பு கிடைக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மகளோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக், புதிய பம்ப் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதைப் போட்டுக் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை.

"இது எங்க வண்டியோடதுதானா அண்ணே?"

"பின்னே? அடுத்தவன் பம்பை உங்களுக்கு எதுக்குத் தாறேன்?"

புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"டீச்சரே, காப்பியடிக்கிற பயலைப் புடிக்கிற மாதிரில்லா புடிக்கிறீங்க! அழுக்கோட குடுத்தா சேலையில ஒட்டுமேன்னு பெயின்ட் கரைக்கிற தின்னர்ல கழுவுனேன். அதுல போயிருக்கும்."

தின்னரில் நனைத்த துணியை வாங்கி என் சுண்டுவிரல் நகத்தில் தேய்த்தேன். சாயம் போய்விட்டது. ஆனால் தின்னர் சாயத்தைக் கரைக்கும் என்பதற்குத்தானே அது சாட்சி, இது எங்கள் பம்ப் என்பதற்கு இல்லையே? பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பம்ப் பளபளத்தது. கழுவினால் பழையதும் பளபளக்கும்.

"இன்னும் நம்பலையா? அந்த ஷாஃப்டைப் புடிச்சுச் சுத்திப் பாருங்க."

பழைய பம்பின் நடுவில் நீண்டிருந்த ஷாஃப்டைச் சுற்றினேன். கரகரவென்றது. இடுப்பிலிருந்த மகள் எட்டிப் பார்த்து, "காரு இருமுது" என்றாள். ஒரு வாரமாகக் காந்தலூர் ஏற்றத்தில் அவள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

"குட்டியே சொல்லிருச்சு. இனி கெளம்புங்க," என்றார்.

கெட்டுப்போன பம்பெல்லாம் இப்படித்தான் இருமுமோ என்று அப்போதும் தோன்றியது. மணி பன்னிரண்டரை ஆகியிருந்ததால் கிளம்பினேன். காடு முழுக்கச் சாலையைப் பார்த்ததைவிட இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். அது பாதியைத் தாண்டவில்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மகளின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். ஸ்கேனும் எடுத்தார். "சின்ன ஓட்டைதான்மா. தானா மூடிரும். ஆறு மாசம் கழிச்சு வாங்க," என்றார்.

"இது இவளோட ஸ்கேன்தானே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் படத்தின் ஓரத்தில் இருந்த மகளின் பெயரைக் காட்டினார்.

பழைய பம்பை உடுமலையில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று காரில் எடுத்து வந்திருந்தேன். அதை மறந்தே போனேன். ஸ்கேனை வேறு எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று யோசித்தபடியே ஊர் திரும்பினேன்.