தேங்காய்க்கு அடித்த மணி

ஐம்பத்திரண்டாவது வயதில், காடு மேடெல்லாம் ஏறுகிற ஜீப் ஒன்றை வாங்கினேன். கரமனையில் எங்கள் தெருவில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தாலே யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். அந்தத் தெருவுக்குள் அது முதல் நாள் நுழைந்தபோது எதிர்வீட்டு மாமி, யானை பிடிக்கப் போகிறாயா என்று கேட்டாள். ஆமாம் மாமி, உங்காத்திலேர்ந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வருஷக் கணக்கில் ஆசைப்பட்டு, மாசக் கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. பொன்முடி மலைக்கு நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு பைத்தியம். பழவங்காடிக் கோவிலில் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீடு வந்து சேர்ந்த அன்றே அதன் லட்சணங்கள் தெரிய ஆரம்பித்தன. பக்கத்துக்கு ஒரே ஒரு கதவு. பின் சீட்டுக்குப் போவதென்றால் முன் சீட்டை மடக்கித் தள்ளி, உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பின்னால் ஜன்னல் திறக்காது. மழை விட்ட பிறகு கதவைத் திறந்தால் கூரை விளிம்பில் நின்ற தண்ணீர் நேராக மடியில் கொட்டும். எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல், ஜன்னல் சுவிட்சைக் கதவில் வைக்காமல் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்திருந்ததுதான். எந்தப் புண்ணியவானுக்கு அந்த யோசனை தோன்றியதோ. பழைய கார் பழக்கத்தில் கதவைத் தடவுவேன், பிறகு திட்டிக்கொண்டே நடுவில் துழாவுவேன்.

இந்த வண்டியால் இடம் மாறியது என் அக்காவுக்குத்தான். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். குழந்தை இல்லை. திருநெல்வேலியில் ஒரு பெரிய குடும்பத்தில் முப்பது வருஷம் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். அத்திம்பேர் காலமான பிறகு, பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்களிடம் வந்தவள், எட்டு வருஷமாக இருக்கிறாள். பழைய காரில் பின் சீட்டு அவளுடையது. இதில் பின்னால் போக அவள் முழங்கால் வளையாது. ஆகவே என் கணவர் முதலில் உள்ளே நுழைந்து பின்னால் அடைபட்டுக்கொள்வார். நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அக்காவை முன்னால் ஏற்றி, ஸ்டூலை எடுத்து அவர் மடியில் கொடுப்பேன். கோவிலுக்குப் போய் வருவதற்குள் இந்தக் கூத்து நாலு தடவை நடக்கும். பொன்முடிக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு அக்கா, நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

வண்டி வந்த அதே மாதத்தில்தான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். நாகர்கோவில் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். அவளுடைய சிநேகிதி ஒருத்தி அங்கே இருக்கிறாளாம்.

"ஓணம் கழிஞ்சதும் நான் அங்கே போயிடறேன்டி. உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு குறையும் இல்லை. அங்கே எனக்குன்னு ஒரு கட்டில், ஒரு நாற்காலி தருவாளாம்."

நாற்காலிக்கா இந்த வீட்டில் பஞ்சம் என்று கத்தினேன். அறை அறையாகப் போய் எண்ணினேன். ஒன்பது இருந்தது. அக்கா சிரித்தாள். விண்ணப்பத்தை அழகான கையெழுத்தில் நிரப்பி, சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்திருந்தாள். தினமும் விளக்கேற்றும்போது அதன் நுனி என் கண்ணில் படும். அவள் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அந்தக் கோபம் முழுவதையும் வண்டிமேல் காட்டினேன்.

ஒருநாள் சாலைக் கம்போளச் சந்தையில் தேங்காய் வாங்கி, வைக்க வேறு இடமில்லாமல் பையை முன் சீட்டில் வைத்தேன். வண்டியைக் கிளப்பியதும் டிங், டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. சீட்டில் யாரோ இருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று அதற்கு எண்ணம். பழவங்காடி வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு தேங்காய்க்கு பெல்ட்டை மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, தேங்காய்க்கு வழியில் குடிக்க ஏதாவது வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டார்.

மறுநாள் வலியசாலை கோவிலுக்குப் போகும்போது அக்கா பெல்ட் போட மறந்துவிட்டாள். மணி அடிக்கவில்லை. திரும்பி வரும்போது வேண்டுமென்றே அவளைப் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதும் சத்தமில்லை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. தேங்காய்க்கு அடிக்கிற மணி என் அக்காவுக்கு அடிக்காதா? இவள் ஆள் இல்லையா? அடுத்த விடுமுறை நாளில் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் ஒரு பிடி பிடித்தேன்.

அங்கே இருந்த மெக்கானிக்குக்குக் காதோரம் நரைத்திருந்தது. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அவரே சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மணி அடித்தது. கருவிப் பெட்டியை வைத்தார். அடித்தது. பிறகு அக்காவிடம் திரும்பி, "சேச்சி இரிக்கூ" என்றார். மலையாளத்தில் உட்காரச் சொல்வது அப்படித்தான். எங்கள் தெருத் தமிழிலும் அது புகுந்து, வந்தவர்களை நாங்கள் 'இரு, இருங்கோ' என்றுதான் உட்காரச் சொல்வோம். அக்கா ஸ்டூலில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். சத்தமே இல்லை.

அவர் ஒயரைப் பார்க்கவில்லை. குனிந்து அக்காவைப் பார்த்தார்.

"சேச்சி ஓரத்திலாணு இரிக்குன்னது, மேடம்."

சென்சர் சீட்டின் நடுவில் இருக்கிறது, இவர் நுனியில், கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், பிறகு எப்படி அடிக்கும் என்று விளக்கினார். நான் பார்த்தேன். பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்கிறவள் போல இருந்தாள். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, அக்கா ஒரு மனத்தாங்கலும் இல்லாமல், ரிப்பேருக்கு உதவுகிற மாதிரி பதில் சொன்னாள்.

"ஜன்னல் சுவிட்சுக்கு அவ கை நடுவுல வரும். நகரு நகருன்னு சொல்லுவா. முன்கூட்டியே நகர்ந்துண்டா அவளுக்குச் சிரமம் இல்லையோல்லியோ."

வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்காவை பெல்ட் போடச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. வழி முழுக்க அந்த ஒரு வார்த்தை காதில் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் மிக்ஸிக்குப் பக்கத்தில், நகரு அக்கா. ஆபீஸ் போகிற அவசரத்தில் கண்ணாடி முன்னால், கொஞ்சம் நகரேன். டிவி மறைத்தால் நகரு. எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் சொல்லச் சொல்ல அவள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் நாகர்கோவில்.

மழை பிடித்துக் கண்ணாடி மூடுபனி பிடித்தாற்போல் ஆனது. கரமனைப் பாலத்துக்கு முன்னால் ஜன்னலை இறக்கக் கை நடுவுக்குப் போனது. நகரு என்று வாய்வரை வந்துவிட்டது. அக்கா அதற்குள் கதவோடு ஒட்டிக்கொண்டாள். என்னால் ஓட்ட முடியவில்லை. எஞ்சினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தினேன்.

நான் மோசமானவள், என் வாய் மோசம், உன்னை விரட்டினது நான்தான் என்று அழுதேன். அக்கா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அசடு. நகருன்னு சொன்னதுக்கா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா?"

"பின்னே எதுக்குப் போறே?"

அவள் மழையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"போறேன்னு சொன்னப்போ கத்தினே. நாற்காலியை எண்ணினே. இருன்னு நீ ஒரு தடவை சொல்லலையேடி."

எவ்வளவோ பேசுகிற வாய் இதைச் சொன்னதில்லை.

"இரு அக்கா," என்றேன்.

அவள் கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நடுவுக்கு நகர்ந்து பின்னால் சாய்ந்தாள். முதுகு சீட்டில் பட்டது. காலை நீட்டிக்கொண்டாள். மணி அடிக்க ஆரம்பித்தது.

அக்கா திடுக்கிட்டு எழப் பார்த்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடி சாய்ந்துகொண்டு, "ஓணம் கழிஞ்சதும் பொன்முடிக்குப் போலாமாடி, இது ஏறுமோல்லியோ?" என்று கேட்டாள். ஏறும் என்று தலையாட்டினேன். பெல்ட்டை மாட்டினால் மணி நின்றுவிடும். மாட்ட எனக்கு மனசு வரவில்லை.