பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரிப்போர்ட்

என் மகளுக்கு ஏழு வயதில் கீழ்த்தாடை ஒரு பக்கமாக வீங்கியது. வலி இல்லை. சித்தூரில் ஸ்கேன் பார்த்து, சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்கி வந்த என் கணவர், "கேன்சர் இல்லியாம், சாதாரணக் கட்டிதானாம்" என்றார்.

நான் நம்பவில்லை. மாமனாருக்குப் புற்றுநோய் வந்தபோது, டாக்டரிடம் முன்கூட்டியே பேசி அல்சர் என்று சொல்லவைத்தவர் இவர்தான். மாமனார் கடைசிவரை அப்படியே நம்பினார். நானும் கூடவே தலையாட்டியவள்தான்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த ஆங்கில ரிப்போர்ட் விளங்கவில்லை. மறுநாள் அவரிடம் சொல்லாமல் அதையும் ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். அங்கே வேறொரு டாக்டரிடம் நீட்டினேன்.

"பக்கத்து வீட்டுக் குழந்தையோடது சார். எங்கிட்ட உள்ளதைச் சொல்லலாம்."

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கா இப்படி அழுதுக்கினு இருக்கீங்க?" என்று சிரித்தவர், ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கேன்சர் இல்லம்மா. குழந்தைங்களுக்கு அபூர்வமா வர்ற கட்டி. சுரண்டி எடுத்துடணும்."

"எங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரா சார்?"

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. இன்னொண்ணு கேட்டுக்கோங்க. எடுத்தாலும் திரும்ப வரலாம். வருசக்கணக்குல பாத்துக்கினே இருக்கணும்."

திரும்ப வரலாம் என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. சமாதானம் சொல்ல நினைப்பவர் அதை மறைத்திருப்பார். அங்கேயே மகளின் பெயரைச் சொல்லி, ஆபரேஷனுக்கு நாள் கேட்டேன்.