கண்ணில் ஒற்றிய கற்பூரம்

என் மகள் கற்பூரத்தைத் தின்றபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பிள்ளைய கவனிக்காம என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் பஞ்சமே இல்லை.

பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் செம்பனைத் தோட்டம்தான். களைக்கு அடிக்கும் புல்மருந்து என்றால் இங்கே எல்லோருக்கும் பயம் உண்டு. நாங்களும் அதைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். சாமி மேடையை யார் சந்தேகப்படுவார்கள்?

வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்ததும் தட்டிலிருந்து அவளுக்குக் கற்கண்டு கொடுப்பேன். மூன்று வயதுகூட ஆகவில்லை, அதற்குள் முறையெல்லாம் படித்துவிட்டாள். வலது கையில் வாங்குவாள், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள், பிறகு வாயில் போடுவாள். "சாமி குடுத்தது, துப்பக்கூடாது" என்றும் சொல்லிக்கொடுத்திருந்தோம். வந்தவர்கள் மெச்சும்போது எனக்குத் தலை கால் புரியாது.

அன்று நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எக்கி, தட்டிலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். எவ்வளவு பக்தி என்று என் மனம் குளிர்ந்தது. அடுத்த நொடி வாசனை வந்தது.

அவள் முகம் சுருங்கிக் கண்ணில் நீர் கொட்டியது. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். "துப்பும்மா" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். கன்னத்தைப் பிடித்து விரலால் வழித்தெடுத்தேன். பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா போனும் கையுமாக ஓடி வந்தார். கற்பூரம் என்றதும் மருத்துவமனையை அழைத்துப் பேசினார். வாந்தி எடுக்க வைக்க நான் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைப் பிடுங்கிச் சிங்கில் ஊற்றினார். "ஜாங்கான், டெக். வேணாம் தங்கச்சி. வாந்தி எடுக்க வைக்காதே, வலிப்பு வந்தா மூச்சுல அடைச்சிக்கும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. கற்பூர பாக்கெட்ட எடுத்துக்கோ, என் கார்ல ஏறு" என்று மலாயில் சொன்னார். நான் அப்படியே செய்தேன்.

செம்பனைகளுக்கு நடுவே கார் போகும்போது வலிப்பு வந்தது. என் மடியில் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிடம் கும்பிடக்கூட எனக்கு மனம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

மருத்துவமனையில் மருந்து ஏறியதும் வலிப்பு நின்றது. சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்த என் கணவர் போன் செய்தார்.

"நீ துப்பச் சொல்லலையா?"

"சொன்னேன். துப்பக்கூடாதுன்னு நாமதானே சொல்லிக் குடுத்தோம்?"



காலையில் கண்ணைத் திறந்தவள் பால் கேட்டாள். குடித்துவிட்டு, "சாமி காரமா குடுத்துச்சி" என்று குறை சொன்னாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தமிழ் டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, நல்லா இருக்கா. வீட்டுல சாமிய மாத்த வேணாம், கற்பூரத்த மாத்தி வைங்க" என்றார்.

மாற்றினோம். கற்பூரம் திருகு மூடி டப்பாவுக்குள் புகுந்து அலமாரியின் உச்சிக்குப் போனது. தட்டில் கற்கண்டுக்குப் பதில் திராட்சை வந்தது. அவளை மாற்றத்தான் நாளானது. ருசி சரியில்லை என்றால் துப்பலாம், சாமி கோபித்துக்கொள்ளாது என்று தினமும் சொன்னோம். நம்பாமல் பார்ப்பாள்.

போன மாதம் கோயிலில் ஐயர் அவள் கையில் கற்கண்டு வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயில் போடவில்லை.

"சாப்பிடு பாப்பா, பிரசாதம்லா" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா சொன்னார். வரிசை நின்றுவிட்டது.

அவள் என்னிடம் நீட்டினாள். "அம்மா, நீ மொத சாப்பிடு."

பாதியைக் கடித்தேன். இனிப்புதான். மீதியை அவள் வாயில் போட்டேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"துப்பலாமா?"

"துப்பலாம்" என்றேன், சந்நிதி என்றும் பாராமல்.

அவள் சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.